ஈரல் வெளுப்பு, ஓரம் மஞ்சள்

பரிசோதனைக்கூடத்துப் பீரோவைச் சுத்தம் செய்தபோது நீ வைத்திருந்த முட்டை அட்டை கிடைத்தது. குழிக்கு ஒன்றாக மெமரி கார்டுகளை அடுக்கியிருந்தாய். அட்டையில் இன்னும் ஃபார்மலின் வாடை. நாமக்கல்லில் முட்டை அட்டைக்கா பஞ்சம் என்று அன்றைக்கு உன்னைக் கேலி செய்தது நினைவுக்கு வந்தது. நீ போய் இரண்டு வருஷம் ஆகியும் ஒரு கார்டுகூடப் பழுதாகவில்லை. உன் புத்திசாலித்தனத்தை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன்.

நம் இடம் இப்போது பெரிதாகிவிட்டது. நாம் இருவர் இருந்த இடத்தில் நான்கு கால்நடை மருத்துவர்கள் இருக்கிறோம். பண்ணைக்காரர்கள் செத்த கோழியைச் சாக்கில் கொண்டுவருவதற்கு முன்பே போனில் படம் அனுப்பிவிடுகிறார்கள். படங்கள் குவிந்து கிடக்கின்றன. வேண்டிய நேரத்தில் வேண்டிய படம் மட்டும் கிடைக்காது. எல்லாவற்றையும் வகைப்படுத்திப் பாதுகாக்க ஒரு மென்பொருள் வாங்கியே தீருவது என்று முடிவெடுத்தேன். அதைத் தேர்ந்தெடுத்த கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது கடைசியில்.

முதல் மென்பொருளைக் காட்ட சேலத்திலிருந்து ஒருவர் வந்தார். நல்ல மனிதர், வாய் மட்டும் ஓயாது.

"மூஞ்சியப் பாத்து தானாப் பிரிச்சுக்கும்ங்க மேடம். கல்யாண ஸ்டுடியோக்காரங்க அத்தன பேரும் இதத்தான் வாங்கறாங்க."

"எங்க கோழிக்கெல்லாம் ஒரே மூஞ்சிங்க" என்றேன்.

நீ எடுத்த ஈரல் படம் ஒன்றைப் போட்டுக் காட்டச் சொன்னேன். மென்பொருள் ஒரு நொடி யோசித்து 'உணவு' என்று பெயர் வைத்தது. அவர் கொஞ்சமும் அசரவில்லை. "ஒரு வகைல செரிதானுங்களே மேடம்" என்றார். நீ இருந்திருந்தால் மேசையைத் தட்டிச் சிரித்திருப்பாய்.

நான் அதை மறுத்தது அதற்காக இல்லை. படங்களை உள்ளே ஏற்றும்போது, பழைய கோப்புப் பெயர்களை எடுத்துவிட்டு வரிசை எண் போடவா என்று அது கேட்டது. சூடு கண்ட பூனை நான். எந்தச் சூடு என்று உனக்குத் தெரியும்.

நீ படங்களுக்குப் பெயர் வைக்கும் முறை எனக்குப் பிடித்ததே இல்லை. ஊர், பண்ணைக்காரர் பெயர், கண்ணில் பட்டது, அவ்வளவுதான். 'ஆட்டையாம்பட்டி, ஈரல் வெளுப்பு, ஓரம் மஞ்சள்' என்று இருக்கும். நோயின் பெயர் இருக்காது. உன் தங்கை கல்யாணத்துக்கு நீ லீவில் போயிருந்த வாரத்தில், நான் எல்லாவற்றையும் நோய்வாரியாகப் பிரித்து, உன் பெயர்களை அழித்து, நோய்ப் பெயரையும் எண்ணையும் வைத்துவிட்டேன். திரும்பி வந்து பார்த்தாய்.

"ஏம் புள்ள, நான் வெச்ச பேரெல்லாம் எங்க?"

"ஒழுங்கு பண்ணிப்போட்டேன்."

"ஒழுங்காத்தான் இருக்குது. ஆனா எது எந்தூருக் கோழின்னு ஆருக்குத் தெரியும்? நோவு பேரு நாளைக்கு மாறும். கண்ணுல பட்டது மாறுமா?"

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படித்த படிப்பு என்னத்துக்கு இருக்கிறது, நோயைப் பெயர் சொல்லிக் கூப்பிடத்தானே என்று எதிர்வாதம் செய்தேன்.

ஆட்டையாம்பட்டிக் கோழிகளின் படங்களை நான் 'பூஞ்சை நஞ்சு' என்ற தொகுப்பில் வைத்திருந்தேன். மக்காச்சோளத்தில் பூஞ்சை பிடித்திருக்கும் என்பது என் ஊகம். வெளி ஆய்வகத்துக்கு அனுப்பிய மாதிரிக்கு முடிவு வந்தபோது அது வைரஸ் என்று இருந்தது. காகிதம் போய் ஃபைலில் உட்கார்ந்துகொண்டது. படங்களில்தான் ஊர்ப் பெயரே இல்லையே, யார் போய் மாற்றுவது? அவை பூஞ்சையாகவே இருந்தன.

அடுத்த மாதம் சேந்தமங்கலத்துப் பண்ணைக்காரர் ஒருவர் தன் ஆளிடம் இளங்கோழிகளைக் கொடுத்தனுப்பினார். நீ அந்த வாரம் வெளியூர்ப் பண்ணைகளுக்குப் போயிருந்தாய். அறுத்துப் பார்த்துப் படம் எடுத்தேன். ஈரல் வெளுத்து, ஓரம் மஞ்சளாக இருந்தது. கணினியில் ஒப்பிட்டேன், அப்படியே பொருந்தியது. "தீவனத்துல பூஞ்சைங்க, பழசைக் கொட்டிப்போட்டுப் புதுசு போடுங்க" என்று அந்த ஆளிடம் அடித்துச் சொல்லி அனுப்பினேன். பண்ணைக்காரர் தீவனத்தை மாற்றினார். ஆட்கள் மட்டும் ஒரு கொட்டகையிலிருந்து இன்னொரு கொட்டகைக்கு எப்போதும்போல் போய்வந்துகொண்டிருந்தார்கள். முதல் கொட்டகைக்கு வந்தது இரண்டாவது கொட்டகைக்கும் போய்விட்டது. வைரஸ் என்று சொல்லியிருந்தால், ஆட்களைப் பிரித்து இரண்டாவது கொட்டகையையாவது காப்பாற்றியிருக்கலாம். நீ திரும்பி வந்து அந்தப் படங்களைப் பார்த்த மாத்திரத்தில் கேட்டாய்: "இது ஆட்டையாம்பட்டிக் கோழியாட்ட இல்ல?" ஃபைலை எடுத்தாய். வைரஸ் என்றிருந்த காகிதத்தை எனக்குக் காட்டினாய்.

இருவரும் சேந்தமங்கலம் போனோம். காரில் நீ என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பண்ணை வாசலில் நீதான் முன்னால் நின்று பேசினாய்.

"நாங்க தப்பாச் சொல்லிப்போட்டம்ங்க. எங்களுதுதான் தப்பு."

அவர் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் பேசுகிறார்களோ அவர்கள்தான் செய்தவர்கள் என்று நினைத்துக்கொண்டார் போல. நான் உன் பக்கத்தில் நின்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதன் பிறகு, நீ இருந்த வரை, அவர் நம் வாசலை மிதிக்கவில்லை. நீ போன சில மாதங்களில் திரும்ப வர ஆரம்பித்தார். ஏன் என்று எனக்குத் தெரியும். அப்போதும் நான் பேசவில்லை.

நீயோ பல வாரம் உட்கார்ந்து, ரெஜிஸ்டரை வைத்து ஒவ்வொரு படத்துக்கும் பழைய பெயரைத் திரும்பக் கொடுத்தாய். அந்தப் பெயர்களை இரண்டாவது முறையும் என் கையால் அழிப்பேனா?

அடுத்து ஓர் இலவச மென்பொருளைப் பார்த்தேன். தேடுதல் அருமையாக இருந்தது. குறிப்புகளும் எழுதலாம். எழுதிவிட்டுப் படங்களை வேறு கணினிக்கு மாற்றிப் பார்த்தேன். படம் வந்தது, குறிப்பு வரவில்லை. குறிப்பையெல்லாம் அது தன்னிடமே பூட்டி வைத்துக்கொள்ளும் ரகம். நாளைக்கு அதை நிறுத்திவிட்டால் நம் உழைப்பும் அதோடு போய்விடும்.

மூன்றாவதைத்தான் வாங்கினேன். பார்க்க அழகு கிடையாது. ஆனால் உன் பெயர்களைத் தொடாது. எழுதும் குறிப்பைப் படக் கோப்புக்குள்ளேயே எழுதிவிடும். எந்தக் கணினிக்குக் கொண்டுபோனாலும், வேறு மென்பொருளில் திறந்தாலும், குறிப்பும் கூட வரும். படத்துக்கு மூன்று கட்டங்கள் வைத்தேன்: கண்ணில் பட்டது, நாங்கள் நினைத்தது, முடிவில் தெரிந்தது. ஒன்றை இன்னொன்றின் மேல் எழுத யாருக்கும் அனுமதி இல்லை. சின்ன டாக்டர் ஒருவர், நோய்வாரியாகப் பிரித்தால் சுலபமாக இருக்குமே என்றார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன் என்று சொல்லி அனுப்பினேன். நாலு பேரைக் கேட்கவில்லை; இந்தத் தேர்வில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சேந்தமங்கலத்துப் படங்களுக்கு வந்தபோது, இரண்டாவது கட்டத்தில் இப்படி எழுதினேன்: 'பூஞ்சை என்று சொன்னது தவறு. சொன்னது நான் மட்டும்.' கீழே என் முழுப் பெயர்.

போன வாரம் அந்தச் சேந்தமங்கலத்துக்காரர் ஒரு கோழியோடு வந்தார். பழைய படத்தை எடுத்து, திரையை அவர் பக்கம் திருப்பினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார்.

"அப்ப அந்தம்மா இல்லீங்களா?"

"இல்லீங்க. நான்தான். அவ அன்னைக்கு ஊர்லயே இல்ல."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எழவுக்குக்கூட வல்லீங்களே நானு" என்றார்.

உன் படங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. உன்னை வழியனுப்ப வந்திருக்க வேண்டிய ஒருவரை வரவிடாமல் செய்தவள் நான். அந்தப் பழியை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.