கறுப்பு ஃபிலிமை உரித்த நாள்

ஜூன் 18, வியாழன்

கார் கண்ணாடியில் ஒட்டியிருந்த கறுப்பு ஃபிலிம் அளவுக்கு மீறிய இருட்டு என்று போலீஸ்காரர் சொன்னதால் இன்று உரித்துவிட்டேன். வெயிலுக்காக ஒட்டியதாகத்தான் வீட்டில் சொல்லியிருந்தேன். உண்மையில், ஹோட்டலில் பாத்திரம் கழுவும் என் தங்கை செல்வி பள்ளுருத்தி பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது என்னைப் பார்த்துவிடக் கூடாது என்றுதான் ஒட்டினேன்.

மாலையில் என் மட்டாஞ்சேரிக் கடையிலிருந்து திரும்பும்போது செல்வி அந்த ஸ்டாப்பில் மழையில் நின்றிருந்தாள். கண்ணோடு கண் பட்டுவிட்டது. வேறு வழியில்லாமல் ஏற்றிக்கொண்டேன்.

"இத்தனை நாளா உன்னைக் கவனிக்கவே இல்லம்மா" என்று பொய் சொன்னேன்.

"சாரமில்லண்ணே, பரவால்ல. வண்டி நம்பர் எனக்குத் தெரியும். உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு நான்தான் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்குவேன்."

இறங்கும்போது, தன்னால் நனைந்த சீட்டை முந்தானையால் துடைத்துவிட்டுப் போனாள்.