ஒற்றைக்கால் நாரை

யாம்போல், 4 ஏப்ரல் 1984

அன்புள்ள ஆசென் அண்ணாவுக்கு,

நலமா? நீ சோபியாவில் இருந்து எழுதிய பாட்டு இங்கே எல்லா வீட்டு வானொலியிலும் கேட்கிறது. "ஒற்றைக்காலில் நிற்கும் நாரையே, நதி வற்றியும் யாருக்காகக் காத்திருக்கிறாய்?" அழகான வரிதான். நேற்று அஞ்சலகத்தில் ஸ்டாம்பு வாங்க வந்த ஒருவன் என் ஊன்றுகோலைப் பார்த்து, "என்னக்கா, நதி வத்திருச்சா?" என்றான். வரிசையே சிரித்தது.

அந்த நாரை நான்தானா, அண்ணா? மறைக்காமல் எழுது.

உன் தங்கை,
ஸ்லாவ்கா

சோபியா, 9 ஏப்ரல்

அன்புத் தங்கைக்கு,

பைத்தியமா உனக்கு? அது உருவகம். காத்திருக்கும் மனதைத்தான் நாரை என்றேன். ரோஜா என்று எழுதினால் தோட்டத்தில் போய்த் தேடுவார்களா? சனிக்கிழமை தொலைக்காட்சியில் பரிசு தருகிறார்கள். அவசியம் பார்.

அன்புடன்,
ஆசென்

யாம்போல், 15 ஏப்ரல்

அண்ணா,

பக்கத்து வீட்டு நெவேனாவோடு பார்த்தேன். அறிவிப்பாளர், "யாருங்க அந்த நாரை? உங்க வீட்டுல யாராவதா?" என்று கேட்டார். நீ சிரித்துக்கொண்டே, "வீட்டுலயா? நான் ஒரே பிள்ளைங்க" என்றாய்.

நெவேனா எழுந்துபோய்ப் பெட்டியை அணைத்தாள். என் முகத்தைப் பார்க்க முடியாமல் தேநீரை நீட்டினாள். வரிசையில் சிரித்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

ஸ்லாவ்கா

சோபியா, 21 ஏப்ரல்

ஸ்லாவ்கா,

வாய் தவறிவிட்டது என்று எழுதி மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டேன். நாரை நீதான்.

பள்ளிக்கு உன்னோடு நடக்க வெட்கப்பட்டு நான் வேகமாக முன்னால் போய்விடுவேன். திரும்பினால், நீ ஆற்றுப் பாலத்தில் நல்ல காலை ஊன்றி, நான் நிற்பேனா என்று பார்த்துக்கொண்டிருப்பாய். அதைத்தான் பாட்டாக்கினேன். நாரை என்று சொல்லிவிட்டால் நான் ஓடியது யாருக்கும் தெரியாதே! மேடையில் அந்தக் கேள்வி வந்ததும் மறுபடி ஓடினேன். என்னை நினைத்தால் எனக்கே கூசுகிறது.

அடுத்த வார ஞாயிறு பகல் ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வருவாயா? கடைத்தெரு வழியாக, எல்லோரும் பார்க்க, உன்னோடு வீடுவரை நடக்க வேண்டும்.

ஆசென்

யாம்போல், 25 ஏப்ரல்

அண்ணாவுக்கு,

வா. குடைமிளகாயில் அரிசி அடைத்து வைக்கிறேன், உனக்குப் பிடிக்குமே. ஆனால் ஸ்டேஷனுக்கு வரமாட்டேன். கடைத்தெருவில் எல்லோரும் அன்று தொலைக்காட்சி பார்த்தவர்கள். உன்னோடு நடக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பின்சந்து வழியாக வந்துவிடு.

ஸ்லாவ்கா