போகி நெருப்பில் போன பழந்துணி

விய வருஷம், மார்கழி கடைசி நாள், போகி.

என் மகள் சரோஜாவுக்குத் தை பிறந்து பத்து நாளில் பிரசவம். அவளுக்குப் பிறக்கிற குழந்தைக்கென்று, அவள் கல்யாணம் ஆனதிலிருந்து இரண்டு வருஷமாக நான் சேர்த்த பழந்துணி மூட்டையை இன்று விடியற்காலையில் மருமகள் போகி நெருப்பில் போட்டுவிட்டாள். தேய்ந்த வேட்டி, நைந்த நூல் புடவை எல்லாம் துவைத்துக் கிழித்து மடித்து வைத்தது.

"இன்னா அத்தே, கந்தல்தானே? போகிக்குப் பழசைக் கொளுத்த மாட்டாங்களா?" என்கிறாள்.

"கிழிஞ்ச பாயைக் கொளுத்துடி. புள்ளைத் துணியையா கொளுத்துவே?"

மகன் நடுவில் வந்தான். "வுடும்மா, புதுசு வாங்கிக்கினா போச்சு."

"யுத்தம் முடிஞ்சும் கூப்பனுக்குக் கண்ட்ரோல் கடையில அளந்து குடுக்கிறது துணியாடா? கோணி. பச்சைக் கொழந்தைக்குத் தோலு உரிஞ்சிப்பூடும்."

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனான். மருமகள் விடவில்லை. "எங்க நைனா எடுத்துக் குடுத்த புடவையைக் கட்டிக்க மாட்டாங்களாம். கந்தலுக்கு அழுவறாங்க."

மூன்று வருஷத்துக்கு முன், இவர்கள் கல்யாணத்தில், "கிழவிக்கு இது போதும்" என்று சொல்லி அவள் அப்பன் நீட்டிய புடவை அது. இன்றுவரை நான் பிரிக்கவில்லை.

வீடெல்லாம் தேடினேன். மெத்தென்று நைந்தவை என் இரண்டு புடவைகள்தான். ஒன்று கொடியில், ஒன்று என் உடம்பில். இரண்டையும் கிழித்தால்தான் குழந்தைக்குப் போதும். நாளைப் பொங்கலுக்கு அவள் அப்பன் கொடுத்த அந்தப் புடவையைத்தான் நான் கட்ட வேண்டும். அவள் பார்த்துச் சிரிக்கட்டும்.

அதையும் துவைத்துத் துவைத்து நைய வைப்பேன். அவள் வயிற்றில் ஒன்று வரும்போது எடுத்துக் கொடுப்பேன். அதை நெருப்பில் போடுவாளா, பார்க்கிறேன்.