பிண வண்டியின் பின் அச்சு

அண்ணே,

ஐஸ் லாரி இப்போதுதான் நம் தெருவைத் தாண்டிப் போனது. நனைந்த மரத்தூள் வாசனை இன்னும் போகவில்லை. லாரியின் அடியிலிருந்து வரும் முனகல் எனக்கு மட்டும் தனியாகக் கேட்கிறது. நீ முதலில் பார்த்து வைத்த பின் அச்சுதான் அதில் ஓடுகிறது. இரும்புக் கடை முதலாளி தவுக்கே அதை ஐஸ் கம்பெனிக்கு விற்றுவிட்டாராம். ஒரு நாளும் அந்த லாரி வழியில் நின்று நான் பார்த்ததில்லை.

வாடகைக்கு ஓட்ட வாங்கிய பழைய கார் மேடு ஏறவில்லை என்று அதில் லாரி எஞ்சினை வைத்தாய். அதன் பலத்தைப் பழைய பின் அச்சு தாங்காது, வேறு வேண்டும் என்றாய். நாலாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான் உனக்குச் சாமான் எடுத்துக் கொடுப்பேன். யாரிடமும் பேசக் கூசும் என்னிடம்தான் நீ எல்லாம் பேசுவாய். "உங்கிட்ட சொன்னா சுவத்துகிட்ட சொன்ன மாதிரி லா" என்று சிரிப்பாய்.

படகுத்துறைப் பக்கத்து இரும்புக் கடையில் இரண்டு அச்சுகள் இருந்தன. ஒன்று பிண வண்டியுடையது, நல்ல கனம். பல்சக்கரத்தைத் துடைத்து என் விரலை அதன்மேல் வைத்தாய்.

"பாரு, தேயவே இல்ல. பொணத்துக்கு என்ன அவசரம்?"

மற்றது ஒரு டாக்டரின் சின்னக் காருடையது. பார்க்கப் பளபளப்பு, ஆனால் தண்டு மெலிசு.

அம்மா வாசலை மறித்து நின்றாள். "பொணம் சுமந்த அச்சு மேல உயிரோட இருக்கற சனத்த ஏத்துவியா?"

"செத்தவங்க யாரும் குறை சொல்லலையேம்மா."

"வெளையாடாதே. அது இந்த வாசலுக்கு வந்தா நான் சோறு திங்க மாட்டேன்."

அச்சு வருவதற்கு முன்பே அப்படிச் செய்தாள். மறுநாள் உனக்குப் பரிமாறிவிட்டுத் தான் தொடவில்லை. அன்று மாலை டாக்டர் காரின் அச்சு வந்தது. "ரெண்டும் ஒண்ணுதாம்மா, இதுவும் தாங்கும்" என்று அவளிடம் சொன்னாய். காருக்கு அடியில் படுத்துக்கொண்டு என்னிடம் சொன்னது வேறு. "மேட்டுல பாரம் ஏத்தக்கூடாது. பாத்து ஓட்டுனா ஓடும்."

பாலிக் புலா மலைப்பாதையில் அன்று பெருமழை. நனைந்து நின்றவர்களை விட்டுவர உனக்கு மனம் வரவில்லை, எல்லோரையும் ஏற்றிக்கொண்டாய். மேட்டில் அச்சு முறிந்தது, பிரேக்கும் பிடிக்கவில்லை, கார் பின்னோக்கி உருண்டது. குதிங்க, குதிங்க என்று கத்தினாயாம். அவர்கள் எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

சில மாலைகளில் நீ காரை நிறுத்துவதுபோல் வாசலில் சத்தம் கேட்கும். அம்மாவும் நிமிர்வாள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை.

அம்மா இப்போது சாப்பிடுகிறாள். ஆனால் சில நாள் கை பாதியில் நின்றுவிடும்.

"ரெண்டும் ஒண்ணுதான்னு அவனே சொன்னானே. வண்டியப் பத்தி அவனுக்குத் தெரியாததா?"

"ஆமாம்மா, ரெண்டும் ஒண்ணுதான்" என்பேன். நீ சொன்னது போலவே, சாதாரணமாகச் சொல்லப் பார்ப்பேன். அவள் அடுத்த கவளத்தை எடுக்கும்வரை நான் எழுந்திருப்பதில்லை.