கடைசிப் பொயின்ட்

கட்டுகலை,
கண்டி.

அன்பு மகன் யுகேஷுக்கு,

பிள்ளையார் துணையில் இங்கே நாங்கள் மூவரும் சுகம். மெல்பேர்னில் நீயும் சுகமாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் உடம்புக்கு முடியாதவனைத் திட்ட எனக்கு மனம் வராது, இன்றைக்கோ நிறையத் திட்ட வேண்டியிருக்கிறது.

மாகாண பெட்மின்டன் அணித் தெரிவில் உன் தங்கை சுபாஜினி தோற்றதை அப்பா சொல்லியிருப்பார், எப்படித் தோற்றாள் என்று சொல்லியிருக்க மாட்டார். இன்னும் ஒரு பொயின்ட் எடுத்தால் இவளுக்கு வெற்றி, அந்த நேரம் பார்த்து ஷட்டிலை மெதுவாகத் தூக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்! எதிரே நின்ற நாவலப்பிட்டிப் பிள்ளை ஓங்கி அடித்தது, அதற்குப் பிறகு இவள் ஒரு பொயின்ட்கூட எடுக்கவில்லை, ஆட்டமே போய்விட்டது. எல்லாம் நீயும் உன் கூட்டாளிகளும் பெட்மின்டன் மண்டபத்தில் பழக்கிய பழக்கம். சின்னவள் முகம் வாடாமல் வீட்டுக்குப் போக வேண்டுமாம், கடைசிப் பொயின்டை அவளுக்கே விட்டுக்கொடுப்பீர்களாம். சித்திரை லீவுக்கு வந்தபோது நீயும் வேண்டுமென்றே வலையில் அடித்துவிட்டு, தங்கச்சிய வெல்ல முடியலையே என்று நாடகம் ஆடினாய். போதாததற்கு போனில், பிரக்டிஸ்ல சும்மா கைய கால ஆட்டினாப் போதும், மெட்ச்ல ஓடிக்கலாம் என்று புத்திமதி வேறு. பயிற்சியில் ஓடாதவள் அன்றைக்கு மட்டும் எப்படியடா ஓடுவாள்?

அடுத்த மாதம் இன்னொரு தெரிவு, அணியில் ஓர் இடம்தான் மிச்சம். அதனால் உன் கூட்டாளி ரஸீனைப் பிடித்து, நாணயம் சுண்டி, பொயின்ட் எண்ணி, நிஜ மெட்ச் போலவே அவளோடு விளையாட வைத்தேன். கதிரை போட்டு நடுவராக நானே உட்கார்ந்தேன். முதல் நாள் தோற்று அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாள். உடனே உன் அப்பா, பொம்பளப் புள்ளய இப்படியா ஓட வுடுறது, கொஞ்சம் பாத்து வெளாடச் சொல்லு என்கிறார்! எனக்கு வந்ததே கோபம். ரஸீனிடம் போய், பாவம் பாக்காதீங்க தம்பி, அடிச்சே வெளாடுங்க என்றேன்.

நேற்று மறுபடியும் அதே கடைசிப் பொயின்ட். இவள் சிரிக்கவில்லை, பாய்ந்து போய்க் கோட்டோரம் இறக்கினாள். உள்ளேதான் விழுந்தது, நான் பார்த்தேன். ரஸீனோ, அவுட் ஆன்டி, நல்லாப் பாருங்க என்று என்னோடு சண்டைக்கு வந்து, கொண்டுபோன தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டான். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இவளிடம் தோற்றதற்காக ஒருவன் கோபித்துக்கொண்டது இதுதான் முதல் தடவை.

நேரத்துக்குச் சாப்பிடு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். டிசம்பரில் வரும்போது ரக்கெட்டை மறக்காதே. விட்டுக்கொடுக்கிற எண்ணமிருந்தால் மட்டும் அதை அங்கேயே வைத்துவிட்டு வா.

இன்னும் கோபம் ஆறாத,
உன் அம்மா பிரேமிளா