சாவியை எடுத்தால் தமிழை மறந்த பெட்டி

மச்சான்,

இன்று காலையில் என் அக்கா மகன் தன் காரின் டேஷ்போர்டைக் கழற்றிப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். புது ஸ்க்ரீன் மாட்டுகிறானாம். வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக், கருப்பு டேப்பின் பசை, பழைய தூசி எல்லாம் கலந்து உள்ளேயிருந்து ஒரு வாசனை வந்தது பார், அப்படியே உன் வெள்ளைக் காருக்குள் நான் தலைகீழாகக் கிடந்த நாளுக்குப் போய்விட்டேன். "மாமா, உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?" என்று பயல் கேட்டான். எனக்கா? உத்திரமேரூர் வட்டாரத்திலேயே காரில் பேசும் மேப் பெட்டியை முதன்முதலாக மாட்டிய கை இது என்றேன். வட்டாரம் என்றது அடக்கத்துக்காக. மாவட்டம் என்றே சொல்லியிருக்கலாம்.

நீ பக்கத்தில் இருந்திருந்தால், "பாதிய கயிச்சிக்கோ நைனா" என்று அவனிடம் சொல்லியிருப்பாய். நான் எங்கே வாயைத் திறந்தாலும் நீ எனக்குப் பின்னால் நின்று சொல்கிற வார்த்தை அது. நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. கழிக்க ஆளில்லாமல் என் கதைகளெல்லாம் முழுசு முழுசாக ஊரில் உலவுகின்றன.

உன் பெயரை இதில் எங்கேயும் போடப்போவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். உனக்கு எழுத்து தெரியாது. ஒன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தாய், நடவு வந்தது, உன் அப்பா கூட்டிக்கொண்டு போனார், அதோடு சரி. நான் எட்டு வரை படித்தேன். ஆறு என்று நீ சொல்வாய். எண்கள் உனக்குத் தண்ணீர்பட்ட பாடு. எழுத்துதான் எறும்பு ஊர்கிற மாதிரி தெரியும் என்பாய். இது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், உன் பெண்டாட்டியும் நானும்.

அரிசி மில்லில் மூட்டை தூக்கினாய், பிறத்தியார் டிராக்டர் ஓட்டினாய், கடைசியில் அந்தப் பழைய வெள்ளைக் காரை வாங்கி வாடகைக்கு விட்டாய். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, வந்தவாசி எல்லாம் உனக்கு வீட்டுக்குள் நடக்கிற மாதிரி. அதைத் தாண்டி யாராவது கூப்பிட்டால் மட்டும் உன் முகம் சுருங்கிவிடும். "பிரேக்கு கொஞ்சம் சரியில்ல சார்" என்பாய். உலகத்திலேயே நல்ல பிரேக் உன் வண்டியில்தான் இருந்தது. கைகாட்டியைப் படிக்க முடியாது, படிக்க முடியவில்லை என்று சொல்லவும் முடியாது. அதனால் நல்ல நல்ல சவாரியெல்லாம் கைநழுவிப் போனது.

அப்போதுதான் ஏனாத்தூர் பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் வந்தார். கல்வெட்டு ஆராய்கிற டீச்சரம்மா ஒருவர் வந்திருக்கிறார், ஊர் ஊராகக் கோயில் பார்க்க வேண்டும், பல மாதத்துக்கு ஒரே வண்டி, நீ சம்மதித்தால் உனக்கே என்றார். ஒரே ஒரு நிபந்தனை.

"அம்மா போற ஊரெல்லாம் மூலை முடுக்குல இருக்கு. வண்டியில மேப் இருக்கா?"

நீ பிரேக்கைப் பற்றி ஆரம்பிக்கும் முன்னால் நான் முந்திக்கொண்டேன். "கீது சார். பேசற மேப்பே கீது. நான்தான் மாட்டினேன்."

ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில் அப்போது இருந்தது கேசட் போடுகிற ரேடியோ. ஆள் போனதும் நீ என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும்.

"இன்னா மச்சான் இப்பிடிப் பண்ணிட்டே?"

"தமிழ்ல பேசும்டா. வயி சொல்லும். நீ ஒரு போர்டைக்கூட படிக்க வாணாம்."

நீ போய் அந்த கேசட் ரேடியோவைத் தடவிப் பார்த்தாய். பிறகு மெதுவாகக் கேட்டாய். "நெசமா தமிழ்ல சொல்லுமா?"

மறுநாளே மெட்ராஸ் போய்ப் பெட்டியை வாங்கி வந்தோம். ரேடியோவும் பாடும், வழியும் சொல்லும். கூடவே நாற்பது ஒயர். பதினாறுதான், தெரியும், விடு. மடித்து வைத்த தாள் ஒன்றும் இருந்தது, எந்த ஒயரை எதோடு சேர்க்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. நான் அதை விரித்து, கண்ணாடியை மூக்கில் இறக்கி, ஐந்து நிமிஷம் படித்தேன். "உம்" என்று தலையாட்டினேன். நீ பயபக்தியோடு டார்ச் பிடித்தாய்.

காரின் பக்கம் முக்கியமான ஒயர் இரண்டு. ஒன்று பேட்டரியிலிருந்து நேராக வருவது, எப்போதும் கரண்டு இருக்கும். இன்னொன்று சாவியைப் போட்டால் மட்டும் உயிர் வருவது. பெட்டியின் பக்கம் ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு. எதை எதோடு சேர்ப்பது? என் மூளை மின்னல் மாதிரி வேலை செய்தது. சாவி போடுவதுதான் துவக்கம். துவக்கத்துக்கு மஞ்சளைத் தவிர வேறென்ன? கல்யாணப் பத்திரிகைக்கே நான்கு மூலையிலும் மஞ்சள்தானே தடவுகிறோம்! மஞ்சளைச் சாவியோடு சேர்த்தேன், சிவப்பைப் பேட்டரியோடு. உன் பெண்டாட்டி சூடம் காட்டினாள். சாவியைத் திருப்பினாய். பாட்டு வந்தது, படம் வந்தது, பெட்டி சீனமொழியில் என்னவோ சொன்னது. நான் பட்டனைத் தள்ளித் தள்ளித் தமிழைக் கண்டுபிடித்து அழுத்தினேன். தெருவில் ஓட்டினோம்.

"ஐம்பது மீட்டரில் வலப்புறம் திரும்பவும்" என்றது பெட்டி.

நீ பதறி பிரேக்கை மிதித்தாய். "வலப்புறம்னா இன்னா? ரைட்டா லெஃப்டா?"

"ரைட்டுடா. சோறு துன்ற கைப் பக்கம்."

"அத்த சொல்ல வேண்டியதுதானே? இந்தம்மா தமிழே வேற மாதிரி கீதே!"

ராஜகுளம் வரை போனோம். டீ குடிக்க நிறுத்தினோம். திரும்பி வந்து சாவியைப் போட்டால், மறுபடி சீனமொழி. தமிழ் வைத்தேன். அணைத்து மறுபடி போட்டேன். சீனமொழி. கோயில் பட்டியலை நான் மெமரி கார்டில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு ஏற்றியிருந்தேன், அது பத்திரமாக இருந்தது. பாஷை மட்டும் ஒவ்வொரு தடவையும் பறந்துபோனது. மொழிப் பட்டியலோ ரயில் பெட்டி மாதிரி நீளம், விரல் பட்டால் வழுக்கும். நீ வரிசை எண்ணி நீயே தமிழ் வைத்துப் பார்த்தாய்.

"மச்சான், தெலுங்குல திட்டுது."

அன்று சாயங்காலம் வரை நான் செய்யாத வைத்தியம் இல்லை. ஃபியூஸ் மாற்றினேன். உன் பெண்டாட்டியின் ஊக்கை வாங்கிப் பெட்டியில் இருந்த குட்டி ஓட்டையில் குத்தினேன். பேட்டரி முனையை வெந்நீரில் கழுவினேன். ஆன்டெனாவை நான்கு திசையிலும் வைத்துப் பார்த்தேன். "சாட்டிலைட்டு நம்ம ஊரைத் தாண்டறப்போ கொஞ்சம் கண் அசருது" என்று ஒரு விளக்கமும் கொடுத்தேன். நீ மட்டும் படியில் உட்கார்ந்து சாவியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாய். முதல் நாள் மட்டும் மெக்கானிக் கூட வரலாம், மறுநாளிலிருந்து டிரைவர் தனியாகத்தான் வர வேண்டும் என்று ஏனாத்தூர்க்காரர் சொல்லியிருந்தார். ஒரு கோயில் வாசலில் வண்டியை அணைத்தால் போதும், நீ கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி நிற்பாய். உனக்கு எழுத்து தெரியாது என்கிற பேச்சு டீச்சரம்மாவுக்குப் போகும், பிறகு ஊருக்கு.

முதல் நாள் வந்தது. நான் கண்டுபிடித்த உபாயம், வண்டியை அணைக்கவே கூடாது. முதல் கோயிலில் இன்ஜின் ஓடியது. இரண்டாவது கோயிலிலும் ஓடியது. டீச்சரம்மா கேட்டே விட்டார். "ஏம்பா, வண்டியை நிறுத்தவே மாட்டீங்களா?"

"ஏசி ஜில்லுனு இருக்கட்டும்னுதாம்மா" என்றாய் நீ.

மூன்றாவது கோயிலில் அவர் இறங்கும்போதே எட்டிச் சாவியைத் திருகி அணைத்து, "டீசல் வீணாப் போகுது" என்று உன் கையில் கொடுத்துவிட்டு, பூதக்கண்ணாடியோடு உள்ளே போய்விட்டார். நான் எதிரே இருந்த கடையில் சோடா குடித்துக்கொண்டு, அங்கே கூடியிருந்த நூறு பேருக்கு (சரி, நான்கு பேருக்கு) சாட்டிலைட் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கப் போனேன். திரும்பி வந்தால் உன் கால் இரண்டும் கார் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. டேஷ்போர்டு பிரிந்து கிடந்தது.

"டேய், இன்னாடா பண்றே? அது வெளிநாட்டு சமாச்சாரம், கைய வெக்காதே!"

"கத்தாதே. கலரு படிச்சிக்கினு கீறேன்."

நம்பர் பிளேட் விளக்கிலிருந்து குட்டி பல்பைக் கழற்றி, இரண்டு துண்டு ஒயர் முறுக்கி, ஒவ்வொரு முனையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய். கார் சாவி உன் சட்டைப்பையில் இருந்தது. ஒரு முனையில் பல்பு பளிச்சென்று எரிந்தது.

"பாரு, சாவிய எட்த்தாச்சு, ஆனா இந்த ஒயர்ல உசுரு கீது. இத்த நீ செவப்புல கட்டிக்கிறே. மஞ்சள்ள கட்டினது சாவியோடயே செத்துப் பூடுது."

"அதுக்கு?"

"பொட்டி தூங்கறப்போ சோறு இல்ல மச்சான். சோறு இல்லாம எங்கேர்ந்து ஞாபகம் இருக்கும்? ஞாபகம் மஞ்சள்ளதான் கீது போல."

"தாள்ல அப்பிடிப் போடலையே" என்றேன்.

நீ டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து தலையை நீட்டி என்னைப் பார்த்தாய். மூக்கு நுனியில் தூசி. "அந்தத் தாள நீ படிச்சியா மச்சான்?"

நான் கோபுரத்தில் எத்தனை பொம்மை இருக்கிறது என்று எண்ண ஆரம்பித்தேன். அந்தத் தாளில் பாதி இங்கிலீஷ், பாதி சீனம். ஒரு எழுத்தும் எனக்கு விளங்கியிருக்கவில்லை. நீ சிரித்தாய் பார், வண்டியே குலுங்கியது.

"வுடு வுடு. நீயும் நானும் ஒரே கிளாசுதான்."

பிறகு மஞ்சளையும் சிவப்பையும் மாற்றி முறுக்கி டேப் சுற்றினாய். தமிழைத் தேடி அழுத்தியது மட்டும் நான். சாவியை எடுத்தோம். நீ கண்ணை மூடிக்கொண்டு நூறு வரை எண்ணினாய், ஒரு எண்ணும் விடாமல். சாவியைப் போட்டாய்.

"வணக்கம்" என்றது பெட்டி.

இரண்டு பேரும் கோயில் வாசலில் போட்ட ஆட்டத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் கலைந்து ஓடின. சத்தம் கேட்டு டீச்சரம்மா வெளியே வந்தார். "என்னப்பா, வண்டியைப் பிரிச்சுப் போட்டிருக்கீங்க?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நீ சொன்னாய். "பொட்டியில சின்ன மக்கர்மா. இவரு சரி பண்ணிட்டாரு. இவரு கைக்குத் தெரியாத ஒயரே இல்ல."

நான் மறுத்தேனா? நான்காவது கோயில் வரும் வரைக்கும் அந்த அம்மாவுக்கு மஞ்சள் ஒயரின் மகத்துவத்தைப் பாடம் எடுத்தேன்.

மறுநாள் நீ தனியாகப் போனாய். அதற்கு மறுநாளும். விழுப்புரம் போனாய், திருவண்ணாமலை போனாய். பெட்டிக்குள் இருக்கிற அம்மாவோடு சண்டை போடவே ஆரம்பித்துவிட்டாய். "திரும்பிக்கினுதான்மா கீறேன், எத்தினி தபா சொல்லுவே?" ஒருநாள் மத்தியானம் நான் சோற்றில் கை வைத்திருந்தபோது போன் அடித்தது.

"மச்சான், எங்க கீறேன் சொல்லு பாப்போம்?"

"மதுராந்தகமா?"

"தஞ்சாவூரு! பெரிய கோயிலு எதுர்ல நின்னுக்கினு கீறேன். அம்மாடி, இன்னா ஒசரம்!" பிறகு உன் குரல் இறங்கியது. "வயில ஒருத்தரையும் கேக்கல மச்சான். ஒருத்தரையுமே."

நான் அன்று சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய், தெருவில் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் என் நண்பன் தஞ்சாவூரில் நிற்கிறான் என்று சொன்னேன். காசியில் நிற்கிறான் என்றுதான் சொன்னேன், உனக்கென்ன மறைக்கிறது.

அந்த ஒயர் கதையை இத்தனை வருஷமாக நான் சொல்லாத இடம் இல்லை. எல்லாக் கதையிலும் பல்பு பிடித்தவன் நான், கண்டுபிடித்தவன் நான். நீ அங்கேயே உட்கார்ந்திருப்பாய். ஒயர்களின் எண்ணிக்கையில் மட்டும் பாதியைக் கழிப்பாய், மற்றதைத் தொட மாட்டாய். உன் முதல் வருஷப் படையல் அன்று எனக்கு மனசு கேட்கவில்லை. இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, எழுத்து சமாச்சாரத்தை மட்டும் விட்டுவிட்டு, சபையில் சொல்லிவிட்டேன். "தங்கச்சி, அந்தப் பொட்டிய சரி பண்ணது நானில்ல. உன் வூட்டுக்காரன்தான்."

உன் பெண்டாட்டி சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"சும்மா இருண்ணே. செத்துப் போனவருக்குப் பெருமை சேக்கறியா? அவரே எங்கிட்ட எத்தினி தபா சொல்லிக்கிறாரு, நீதான் பண்ணேன்னு. அவரு பொய் சொல்லுவாரா?"

"மாமா வய்க்கம் போல அளக்குது" என்று ஒரு பயல் சொன்னான். பந்தியே சிரித்தது. நான் சத்தியம் செய்தேன், சாமி மேல் ஆணை வைத்தேன். ஒருவரும் நம்பவில்லை. அதிசயமாக நான் ஒரு உண்மையைச் சபையில் எடுத்து வைத்தேன் மச்சான், உன் பொய்யிடம் அது தோற்றுப்போனது. சிரிப்பை அடக்க முடியாமல் எனக்குப் புரையேறிவிட்டது.

அதனால் வேறு வழியில்லாமல், இவன் கைக்குத் தெரியாத ஒயரே இல்லை என்கிற பேரை இன்றுவரை நான்தான் சுமந்துகொண்டு திரிகிறேன். இந்த ஊரில் நான் அடித்துக்கொள்கிற பெருமைகளில் நானாக இட்டுக்கட்டாதது அது ஒன்றுதான். அதை நீ இட்டுக்கட்டினாய்.