பகலில் தூங்குகிறவளுக்கு ஒரு வீடு

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசுக்குத்தான் ஆளுக்கொரு குறை, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீ நன்றாகச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, அந்தக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொள்கிறேன், நம்பாவிட்டால் எனக்குத்தான் கஷ்டம். கடைப் பூனை பழைய ஏசி அட்டைப்பெட்டிக்குள் குட்டி போட்டிருக்கிறது, பெட்டியை நகர்த்தக் கூடாது என்று அப்பா உத்தரவு, வருகிற ஆளெல்லாம் அதைத் தாண்டிக் குதித்துத்தான் உள்ளே வர வேண்டும். என் முழங்கால் பரவாயில்லை. நீ அனுப்பிய தைலத்தில் நல்ல குணம் தெரிகிறது, ஆனால் தரை துடைக்கிற மருந்து மாதிரி ஒரு வாசனை, பூசிக்கொண்டால் பூனைகூட எழுந்து போய்விடுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாசம் போனில், "கிடைக்கிறதை வாங்கிக்கோம்மா, ரெண்டாவது பரிசுன்னா சும்மாவா, அப்பா சொல்றதும் சரிதானே" என்றாய். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் நீ குறுக்கே வந்தாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எங்களுக்கு வேண்டாம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அனுப்பியாகிவிட்டது. ஏன் என்று மட்டும் தெரிந்துகொள், அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு.

அப்பா ஸ்க்ரூடிரைவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார், நான் கடையில் போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், இது நீ பார்த்து வளர்ந்ததுதான். வெயில் ஏறினால் போதும், ஒரே புலம்பல், ஏசி ஓடுது ஆனா ரூம் ஆறலை. அப்பா போவார், ஃபில்டரைக் கழுவுவார், கேஸ் நிரப்புவார், மறுபடியும் அதே வீட்டிலிருந்து அதே புலம்பல். எத்தனையோ வருஷம் கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது, எந்த மாடி, எந்தப் பக்கத்துச் சுவர், மேலே மொட்டை மாடியா என்று நானே கேட்டுவிடுவேன். மேற்குச் சுவரும் மொட்டை மாடியும் என்றால் அங்கே ஏசி அல்ல, ஐஸ் ஃபாக்டரியே வைத்தாலும் ஆறாது. "டாக்டரம்மா நாடி பாக்குறாங்க" என்று அப்பா கேலி செய்வார்.

அப்படித்தான் அந்த நர்ஸ் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி, பகலில்தான் தூக்கம். ஒற்றை அறை, மேல் மாடி, அவளும் அவள் அம்மாவும் பள்ளிக்கூடம் போகிற பெண்ணும். தவணையில் ஏசி வாங்கிவிட்டாள், கரண்ட் பில்லைப் பார்த்துப் பயந்து அதை அணைத்துப் போட்டுவிட்டாள். "அக்கா, ஏசி ரிப்பேர்லாம் இல்ல. நான் தூங்குறதுக்கு மட்டும் கொஞ்சமா ஓடுற மாதிரி வெச்சுக் குடுக்க முடியுமா?" என்று கேட்டாள். அந்தக் குரலில் தூக்கம் அப்படி வழிந்தது, சிட்டு. நேரிலேயே போய்ப் பார்த்தேன். பட்டப்பகலில் அம்மாக்காரி சத்தம் வரக்கூடாது என்று பாத்திரத்தைத் துணி சுற்றி எடுத்து வைக்கிறாள், இவள் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு சுவர் ஓரமாகக் கிடக்கிறாள், சுவரைத் தொட்டால் கை சுடுகிறது.

அதற்குக் கொஞ்ச நாளில்தான் பேப்பரில் போட்டி அறிவிப்பு வந்தது. குறைந்த செலவில், குறைந்த மின்சாரத்தில் வாழக்கூடிய வீடு, உண்மையாக இருக்கிற ஒரு குடும்பத்துக்காக வரைய வேண்டும், தேர்வானால் இடமும் கொடுத்துக் கட்டித் தருவார்கள். யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம், கூட ஒரு இன்ஜினியர் கையெழுத்து இருந்தால் போதும். நம் மாடியில் வாடகைக்கு இருக்கிற கட்டட இன்ஜினியர் பெண்ணை உனக்குத் தெரியும், எப்போதும் கையில் அடிக்குச்சியோடு திரிவாள், அதனால் அப்பா அவளுக்கு ஸ்கேல் என்று பேர் வைத்திருக்கிறார். அவளிடம் போய் நின்றேன். சிரிக்கவில்லை, உட்காருங்க ஆன்ட்டி என்று பேப்பரை விரித்தாள். எனக்கு அதுவே போதும் போல இருந்தது.

ஆனால் லேசுப்பட்டவள் இல்லை. நான் நாலு பக்கமும் பெரிய ஜன்னல் வேண்டும், காற்று வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். "ஆன்ட்டி, அவங்க தூங்குறது மத்தியானம். அப்ப ஜன்னல் வழியா வர்றது காத்து இல்ல, அனல்" என்றாள். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது, ஆனால் உண்மை. அப்புறம் அவளே ஒன்று யோசித்தாள், அதைக் கேட்டதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஒரே வீட்டுக்கு இரண்டு விதமான சுவர். நர்ஸ் தூங்குகிற அறைக்குக் கெட்டியான சுவர், வெயில் அதைத் தாண்டி உள்ளே வந்து சேரவே சாயங்காலம் ஆகிவிடும், அதற்குள் அவள் எழுந்து டியூட்டிக்குக் கிளம்பியிருப்பாள். ராத்திரி தூங்குகிற அம்மாவுக்கும் பெண்ணுக்கும் மெல்லிய சுவர், இருட்டினால் சீக்கிரம் ஆறிவிடும். மேற்கு வெயிலை வாங்கிக்கொள்ள சமையலறையும் குளியலறையும் அந்தப் பக்கம். கூரைக்கு மேலே இடைவெளி விட்டு இன்னொரு லேசான கூரை, குடை பிடித்த மாதிரி, நடுவில் காற்று ஓடும். பகல் அறைக்கு மட்டும் குட்டியாக ஒரு ஏசி, அதையும் அதிக நேரம் ஓட்ட வேண்டியிருக்காது. நர்ஸிடம் படத்தைக் காட்டினேன். பகல் அறையில் விரலை வைத்து, "இந்தக் கதவைச் சாத்துனா அம்மா பாத்திரம் தேய்க்கலாமாக்கா?" என்று கேட்டாள். தேய்க்கலாம், பாட்டே பாடலாம் என்றேன்.

அப்பாவுக்கு இதெல்லாம் தெரிந்தது நான் சொல்லி அல்ல, அதுதான் வினையாகிவிட்டது. நமக்கு சர்வீஸ் வேலை தருகிற ஏசி கம்பெனியின் ஏரியா மேனேஜர் கடைக்கு வந்து, "என்ன சார், வீட்டுக்குள்ளயே எதிர்க்கட்சியா?" என்று பல்லைக் காட்டியிருக்கிறார். அந்தப் போட்டிக்குப் பணம் போடுகிறவர்களில் அந்தக் கம்பெனியும் ஒன்று, பேர் கொடுத்தவர்கள் பட்டியலில் நம் கடை விலாசத்தைப் பார்த்துவிட்டார். அப்பா கொதித்துப்போய் வந்தார். "ஏசி ரிப்பேர் பண்ணிச் சோறு திங்கிற வீட்ல இருந்துக்கிட்டு ஏசி வேணாம்னு வீடு வரையிறியா? என் பொழப்புக்கு நீயே வேட்டு வைக்கிறியா? வாபஸ் வாங்கு, இல்ல கடை விலாசத்தையாவது எடு" என்றார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து தேய்ந்தது என் இடுப்பு, விலாசம் எனக்கும்தான் சொந்தம், எடுக்க மாட்டேன் என்றேன். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. பேச வேண்டுமென்றால் பின்கட்டு ஒர்க்‌ஷாப்பிலிருந்து கடை போனுக்கு அடிப்பார். "மேடம், சாப்பாடு ரெடியா?" என்பார், வாடிக்கையாளர் மாதிரி. நானும் விடுவேனா, உங்க புகாரைப் பதிவு பண்ணிட்டோம் சார், ஆள் வருவாங்க என்பேன்.

இதில் ஒரு கூத்து கேள். படம் வரைந்து முடித்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்திருந்தோம். மறுநாள் போன் அடிக்கிறது. "மேடம், ஒரு படம் பார்த்தேன். ரெண்டு கூரைக்கும் நடுவுல அவுட்டோர் யூனிட்டை வெச்சிருக்காங்க. அது விடுற சூட்டை அதுவே திரும்ப இழுத்து மூச்சு முட்டிச் சாவும். வடக்குச் சுவருக்கு மாத்தச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஸ்கேல் தலையில் அடித்துக்கொண்டு மாற்றினாள். அவர் பேரையும் சேர்க்கட்டுமா என்று போனிலேயே கேட்டேன். "சேத்தீங்கன்னா கேஸ் போடுவேன்" என்றார்.

நடுவர்கள் முன்னால் போய் நின்ற நாளில் எனக்குப் பயமாகத்தான் இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். மற்றவர்கள் உள்ளே விளக்கெரிகிற பொம்மை வீடுகளைச் செய்து கொண்டுவந்திருந்தார்கள், எங்களுடையது அட்டையில் ஸ்கேல் வெட்டி ஒட்டியது. நடுவர்களில் ஒரு பெரிய மனிதர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "உங்க வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக்னு போட்டிருக்கு. இப்படி வீடு வந்தா அவர் வேலைக்கு எங்கம்மா போவார்?" என்றார், கூட்டமே சிரித்தது. நான், இப்ப அவர் ஆறாத ரூமுக்குப் போய்த் திட்டு வாங்கிட்டு வர்றார் சார், இந்த வீட்டுக்குப் போனா டீ குடிச்சிட்டு வருவார் என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள், ஆனால் இந்தத் தடவை என் பக்கம். நடுவராக வந்திருந்த ஒரு அம்மா, இரண்டு கூரைக்கும் நடுவில் சருகு அடைத்தால் எப்படிச் சுத்தம் செய்வீர்கள் என்று கேட்டார். யோசிக்கவில்லை, யோசித்து எழுதுகிறோம் என்று சொன்னோம், மூன்றாம் நாள் ஏணியும் வலையும் வைத்துப் படம் அனுப்பினோம்.

இரண்டாவது பரிசு என்று வந்தது. துள்ளிக் குதிக்காத குறை. அதற்குக் கீழே ஒரு நிபந்தனை. கட்டித் தருவார்கள், ஆனால் மேல் கூரை வேண்டாம், செலவு. இரண்டு விதச் சுவர் வேண்டாம், எல்லாம் ஒரே மாதிரி. பகல் அறைக்குத் தனிச் சுவரும் வேண்டாம், பெரிய ஒரே ஹாலாக இருக்கட்டும், எந்தக் குடும்பத்துக்கும் பொருந்தும். அதற்குப் பதிலாக அந்தக் கம்பெனி பெரிய ஏசி ஒன்றை இலவசமாக மாட்டிக்கொடுக்கும். சின்ன மாற்றம்தான் மேடம் என்றார் போட்டி ஒருங்கிணைப்பாளர், தேன் ஒழுகப் பேசினார். எங்கள் பேரைப் போட்டு, எங்கள் வீட்டை எடுத்துவிட்டு, வேறொன்றைக் கட்டுவார்களாம்!

அப்போதுதான் நீ போன் செய்தாய். அப்பாவும் போனில், ஏத்துக்குங்க மேடம், சர்வீஸ் வேலையும் நிலைக்கும் என்றார். எனக்கே ஒரு நிமிஷம் சபலம் தட்டியது, பொய் சொல்ல மாட்டேன், ஏனென்றால் வீடு எனக்கல்லவே, வேண்டாம் என்று சொல்ல நான் யார்? நேரே நர்ஸிடம் போனேன். இலவச ஏசியையும் சொன்னேன், ஹாலையும் சொன்னேன், ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் டியூட்டி முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஒரே ரூமு, சுடுற கூரை, பில்லுக்குப் பயந்து அணைச்சு வெச்ச ஏசி. அந்த வீட்லதான் இப்பவே இருக்கேனேக்கா. இன்னொண்ணு எதுக்கு?" என்றாள். ஸ்கேலுக்கு இந்தப் பரிசு பெரிய விஷயம், வேலை தேடிப் போகிற இடத்திலெல்லாம் காட்டலாம். அவளிடம், நீ யோசித்துச் சொல்லு, உன் பேரை விட்டுவிட்டு நான் மட்டும் மறுக்கிறேன் என்றேன். முறைத்தாள். என்னிடமிருந்து பேனாவைப் பிடுங்கி மறுப்புக் கடிதத்தில் முதல் கையெழுத்தை அவளே போட்டாள்.

அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த மறுநாளே ஏரியா மேனேஜர் வந்து நின்றார். என்னைத் திரும்பியும் பார்க்காமல் அப்பாவிடம், "சார், வீட்டம்மாவைக் கொஞ்சம் அடக்கி வைங்க. இல்லன்னா சர்வீஸ் வேலை அடுத்த தெருவுக்குப் போயிடும்" என்றார். அப்பா ஒரு பூனைக்குட்டியைக் கையில் வைத்திருந்தார், அதை மெதுவாகப் பெட்டிக்குள் விட்டார். "போகட்டும் சார். பாத்துப் போங்க, வழியில குட்டி இருக்கு" என்றார், அவ்வளவுதான். அந்த ஆள் போனதும் நான் உருகிப்போய் பக்கத்தில் போனேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டு, "உனக்காகச் சொன்னேன்னு நெனைக்காத. என் பொண்டாட்டிகிட்ட நான் சண்டை போடுவேன், அவன் யாரு?" என்றார். இருந்தாலும் நேரில் பேசிவிட்டார் பார். சர்வீஸ் வேலை சொன்ன மாதிரியே அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. கை கொஞ்சம் இறுக்கம்தான், நீ பணம் கிணம் அனுப்பிவிடாதே, அனுப்பினால் திருப்பி அனுப்புவேன். பழைய வாடிக்கையாளர்கள் வருகிறார்கள், சமாளிக்கிறோம்.

பரிசு வேறு யாருக்கோ போய்விட்டது, நன்றாக இருக்கட்டும். ஆஸ்பத்திரி ஊழியர் சங்கத்துக்கு ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலம் இருக்கிறதாம், நர்ஸ் படத்தை அங்கே கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். ராத்திரி டியூட்டிக்காரர்கள் அங்கே நிறைய. சங்கச் செயலாளர் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர், நாங்கள் போய் நிலத்தைப் பார்த்தபோது, "வாக்கெல்லாம் குடுக்க மாட்டேன்மா. கடன் கெடைச்சா ஒண்ணு கட்டிப் பாப்போம், அதுல முதல்ல நான் படுத்துப் பாப்பேன்" என்றார். நடக்கலாம், நடக்காமலும் போகலாம். நடக்காவிட்டால் அடுத்த போட்டிக்கு இதே படத்தை ஒரு கோடும் குறைக்காமல் அனுப்புவோம்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் வைப்பதற்கு முன்னால் குரலை இறக்கி ஒன்று சொன்னாயே, "நான் இங்க தினம் தினம் விட்டுக்கொடுத்துத்தாம்மா காலம் தள்றேன், நீ ஒரு தடவை விட்டா என்ன குறைஞ்சிடும்" என்று. சொல்லிவிட்டு ஏதோ சாப்பாட்டுப் பேச்சுக்குத் தாவிவிட்டாய். நான் அதை விடவில்லை. நிபந்தனையை மறந்துவிட்டேன், ஏரியா மேனேஜரை மறந்துவிட்டேன், அது மட்டும் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. எதை விட்டுக்கொடுக்கிறாய்? யாரிடம்? ஆபீசிலா, நீ இருக்கிற வீட்டிலா? உன்னை அனுப்பும்போது அனுசரித்துப் போ என்று நானும்தான் சொல்லி அனுப்பினேன். உன்னையே கரைத்துக்கொள் என்று சொல்லவில்லை, அப்படிப் புரிந்திருந்தால் இப்போதே அழித்துவிடு.

தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. எந்த ஊரில் இருந்தாலும் தலை நிமிர்ந்து நன்றாக இரு, உனக்கு ஒரு குறையும் வராது. அப்பாவும் தன் ஆசியை எழுதச் சொன்னார், நேரிலேயே சொன்னார். பதிலைப் போனில் சொல்லாதே. போன் என்றால் "ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். தாளில் எழுது. ஒன்றுமில்லை என்று மட்டும் எழுதி ஒரு தாளை யாராலும் நிரப்ப முடியாது.

வழி பார்த்திருக்கும்,
உன் அம்மா